இரவல் ஈரல்

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்காவது அவனைத் தெரியும். ஆகவே பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெயரைச் சொன்னால் இது அஞ்சலியாகிவிடும். அவன் போனபோது அஞ்சலிகள் போதுமான அளவு வந்தன. அவற்றில் ஒன்று நான் எழுதியது. மூன்று பக்கம் எழுதியும் அதில் சொல்லாமல் விட்ட ஒரு பிற்பகல் இருக்கிறது. அந்தப் பிற்பகலை அவனுக்கு வாங்கிக் கொடுத்த யந்திரம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பற்றித்தான் இப்போது.

2012 ஜூலையில் ஒரு நாள் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணாச்சி, அவிய ராத்திரி பூரா முழிச்சே கெடக்காவ. பகல்ல எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்காவ. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு." முதல் இரண்டு வாக்கியங்களைக் கேட்டு நான் சிரித்தேன். அவன் என்றைக்கு ராத்திரி தூங்கியிருக்கிறான்? ராத்திரித் தூக்கம் குமாஸ்தாக்களின் குணம் என்பது எங்கள் வட்டத்தின் கொள்கை (அவன் குமாஸ்தாதான், நானும்). மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு முழுதாக அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பகலும் இரவும் இடம் மாறிக்கொள்வது ஈரல் கைவிடத் தொடங்கியதன் முதல் அடையாளங்களில் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. குடலில் பாக்டீரியாக்கள் உணவின் புரதத்திலிருந்து அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போக வழி செய்கிறது. மாற்ற முடியாதபோது அது ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. முதலில் தூக்கம் தலைகீழாகும். அப்புறம் கணக்குத் தவறும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு குழறும், கடைசியில் மயக்கம். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் அவன் சுபாவம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். சில சமயம் கவித்வம் என்றும்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தினமும் காலையில் இளம் டாக்டர் ஒருவர் வந்து அட்டையில் செருகிய காகிதத்தை அவன் முன் நீட்டுவார். ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரைய வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மணிக்கட்டை நிமிர்த்திக் காட்ட வேண்டும். ஈரல் கெட்டு மூளை மங்கியவனின் மணிக்கட்டு அப்படி நிற்காது. விழும், எழும், மறுபடி விழும். பறவை சிறகடிக்கிற மாதிரி என்று டாக்டர் எனக்கு விளக்கினார். தன் கவிதைகளில் பறவையே வரக்கூடாது என்று பதினைந்து வருஷம் விரதம் இருந்தவன் அவன். இதை அந்த டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் நாள் நட்சத்திரத்தில் ஐந்து முனைகளும் இருந்தன, கோடு மட்டும் நடுங்கியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு முனை மூடவில்லை. நான்காம் நாள் அது நட்சத்திரமே இல்லை, சிக்கு விழுந்த நூல். கையெழுத்தில் முதல் எழுத்தைத் தவிர மற்றவை சாய்ந்து காகிதத்துக்கு வெளியே போய்விட்டன. இருபத்தைந்து வருஷம் அவன் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அச்சுக்குக் கொடுத்தவன் நான். மொழியின் சிதைவு பற்றி நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த வாரத்துக்குப் பிறகு சிதைவு என்ற வார்த்தையை நான் உபயோகித்ததில்லை.

காரணம் குடிதான். வருஷக்கணக்கில் தழும்பேறி இறுகிப்போன ஈரல். அதன் மேல் அந்த மாதம் ஒரு தொற்று வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய நோயின் தோளில் ஏறிய புது நோய். மாற்று ஈரல் வைப்பதற்குத் தொற்று அடங்க வேண்டும், குடியை விட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அவனிடம் ஆறு வாரம் இருந்ததா என்பதே சந்தேகம். குடும்பத்தில் தானம் தரத் தயாராக இருந்த இருவரும் பரிசோதனையில் பொருந்தவில்லை.

அவன் தம்பிதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "கிட்னிக்கு டயாலிஸிஸ் இருக்குல்லா டாக்டர், ஈரலுக்கு ஏன் இல்ல?"

இதைவிட நல்ல கேள்வியை நான் பிறகு படித்த எந்தப் புஸ்தகத்திலும் பார்க்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், காம்பென் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் இறைச்சி அடைக்கிற செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை விட்டு, உப்பு நீரில் சுழலவைத்தார். தொடங்கியது 1943இல். அடுத்தடுத்து நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். 1945இல் பதினேழாவது நோயாளியான ஒரு மூதாட்டி கண் திறந்தார். இன்று ஊருக்கு ஊர் இருக்கும் டயாலிஸிஸ் அந்தக் குழாயின் வம்சம். இது சாத்யமானதற்குக் காரணம் சிறுநீரகத்தின் பிரதான வேலை வடிகட்டுவது என்பது. ஈரல் அப்படியல்ல. ஈரல் சல்லடை இல்லை, அடுக்களை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்கிறது, பித்தநீரைச் செய்கிறது, சர்க்கரையைச் சேர்த்துவைத்து வேண்டும்போது அளக்கிறது, தினம் பத்துப் பன்னிரண்டு கிராம் ஆல்புமினைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. வெளுப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அந்த வெளுப்புகூடப் பாதிக்கு மேல் உருமாற்றம்தான். ஒன்றை வேறொன்றாகச் செய்வது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரல் அப்புறப்படுத்தும் விஷங்களில் அம்மோனியா போன்ற சில நீரில் கரைந்து சாதாரண டயாலிஸிஸில் வெளியேறிவிடும். பிலிருபின், பித்த அமிலங்கள் போன்றவை அப்படியல்ல. அவை ஆல்புமினின் முதுகில் ஏறிக்கொண்டு சுற்றுகின்றன. ஆல்புமினோ சவ்வின் துவாரத்தைவிடப் பெரியது. முதுகில் இருப்பதை இறக்காமல் அது எத்தனை முறை வேண்டுமானாலும் சல்லடையைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே கரி. மணலும் கரியும் அடுக்கிய பானையில் தண்ணீரைச் சொட்டவிட்டவர்களுக்கு இந்த யோசனை அன்னியமாக இராது. 1964இல் கிரீஸில் யாட்ஸிடிஸ் என்பவர் ரத்தத்தையே கரியின் வழியாகச் செலுத்தினார். கரி விஷத்தைப் பிடித்தது. கூடவே ரத்தத் தட்டணுக்களையும் பிடித்தது, தன் தூளை ரத்தத்தோடு அனுப்பியும் வைத்தது. மான்ட்ரியாலில் தாமஸ் சாங் கரிமணிகளுக்கு மெல்லிய உறை போடும் வழி கண்டார். 1972இல் ஈரல் மயக்கத்தில் கிடந்த ஒரு நோயாளிக்கு அதைச் செய்து பார்த்தார். 1974இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ரோஜர் வில்லியம்ஸின் குழு, திடீர் ஈரல் செயலிழப்பில் மயங்கிய 22 பேருக்குக் கரிச் சிகிச்சை செய்து 10 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்று எழுதியது. அந்த நாட்களில் அந்த மயக்கத்திலிருந்து திரும்புகிறவர்கள் மிகவும் குறைவு. கரி ஜெயித்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். பிறகு அதே குழு 137 நோயாளிகளைக் கொண்டு முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் முடிவை வெளியிட்டது. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களில் தினம் பத்து மணி நேரம் கரியின் வழியாக ரத்தம் ஓடியவர்களும் ஓடாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் பிழைத்திருந்தார்கள். பிழைக்கவைத்ததில் பெரும்பங்கு தீவிர சிகிச்சை வார்டின் இருபத்துநாலு மணி நேரக் கவனிப்புக்கு உரியது. பதினாலு வருஷம் நம்பியதைத் தாங்களே சோதித்து, தாங்களே மறுத்து, தாங்களே அச்சிட்டிருக்கிறார்கள். இலக்கிய விமர்சனத்தில் இப்படி ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

(அதே 1988இல் கீழாநெல்லிக்கும் ஒரு உன்னத கட்டம் இருந்தது. சென்னையில் தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டதற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தத்திலிருந்து அந்த வைரஸின் அடையாளம் நீங்கியதாக லான்ஸெட்டில் எழுதினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. அவன் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்வானேன்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஒரு தூக்குவாளியில் தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்தாள். உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து சாயங்காலம் அதைக் கீழே ஊற்றிவிட்டுப் போவாள்.)

அவனுக்குப் போட்ட யந்திரம் கரியோடு நின்றுவிட்டது அல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்டாங்கேயும் ஸ்டெஃபன் மிட்ஸ்னரும் உருவாக்கியது. அதன் யுக்தி எளிமையானது, அழகானது என்றும் சொல்வேன். சவ்வின் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம். மறுபக்கம் வெறும் உப்பு நீர் இல்லை, இன்னொரு ஆல்புமின். 20 சதவீதக் கரைசல், 600 மில்லி. நோயாளியின் ஆல்புமின் சவ்வைத் தாண்டாது. ஆனால் மறுபக்கம் வெற்று முதுகுகள் வரிசையாக நிற்கும்போது இந்தப் பக்கத்து முதுகில் இருக்கும் விஷம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொள்கிறது. சுமையேற்ற ஆல்புமின் அப்பால் போய்க் கரியிலும் ஒரு பிசினிலும் அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம் இப்படி.

அந்த 600 மில்லி ஆல்புமின் எங்கிருந்து வந்தது? மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து. யார் யாரோ கொடுத்த ரத்தம். அவர்களுடைய ஈரல்கள் செய்த புரதம். யந்திரம் தானாக ஒரு கிராம்கூடச் செய்யவில்லை. அன்னியர்களின் ஈரல்களை ஒரு பாட்டிலில் இரவல் வாங்கி அவன் ரத்தத்துக்கு எதிரே நிறுத்தியது, அவ்வளவுதான்.

இந்த யந்திரத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் மார்ஸ், செவ்வாய்க் கிரகம். பிறகு வந்த போட்டி யந்திரத்துக்கு ப்ரொமீதியஸ் என்று வைத்தார்கள். வைத்தவர்கள் புராணத்தைக் கடைசி வரை யோசித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ப்ரொமீதியஸின் ஈரலைக் கழுகு பகலில் தின்னும், இரவில் அது வளர்ந்துவிடும். வளர்வதுதான் அங்கே தண்டனை. இங்கே வார்டில் எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்தது அந்தத் தண்டனைக்காகத்தான்.

முதல் தடவைக்கு முன் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இது வைத்தியம் இல்லை, பாலம் என்றார். ஈரல் தானாகத் தேறும்வரையோ மாற்று ஈரல் கிடைக்கும்வரையோ ஆளைத் தாங்கிப் பிடிப்பது. அவன் மனைவி கேட்டாள்: "பாலம்னா அந்தப் பக்கம் கரை வேணும்லா?" டாக்டர் மேஜைமேல் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். கரை இப்போதைக்குத் தெரியவில்லை என்றார். நேர்மையான மனுஷர். இரண்டு தடவை போட்டுப் பார்க்கலாம், ரத்தக் கசிவு அபாயம் உண்டு, தட்டணுக்கள் இன்னும் குறையும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு தடவைக்கு லட்சத்துக்கு மேல். தம்பி ஊரில் வீட்டை அடகு வைத்தான். நாங்கள் வட்டத்தில் வசூல் செய்தது ஒரு தடவையின் பாதிக்குக்கூடக் காணவில்லை. இருபது வருஷத்தில் நாங்கள் அவனுக்கு வாங்கிக் கொடுத்ததையும் அவன் செலவில் நாங்கள் குடித்ததையும் கணக்குப் போட்டிருந்தால் இரண்டு தடவைக்கும் சேர்ந்து வந்திருக்கும். குடியை நாங்கள் ஒரு தகுதி மாதிரி வைத்திருந்தோம். குடிக்காதவன் எழுதியது நன்றாக இருந்தால் அதிசயப்பட்டோம். இதை ஒரு சுயவிமர்சனமாக எழுதி மார் தட்டிக்கொள்ள விருப்பமில்லை. வசூல் நோட்டைப் பார்த்தபோது தோன்றிய கணக்கு, அவ்வளவே.

கழுத்து நரம்பில் குழாய் செருகி முதல் தடவை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து பார்த்தேன். சிவப்புக் குழாய்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுபக்கத்துக் குழாய்தான் உலுக்கியது. வைக்கோல் நிறத்தில் தொடங்கிய ஆல்புமின் மெல்ல மெல்லக் காவி கலந்த மஞ்சளாகி, பிசின் அடைத்த உருளை மேலிருந்து கீழாக மஞ்சளேறிக்கொண்டே வந்தது. அவனுக்குள்ளிருந்து மஞ்சள் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிந்தது. நம்பிக்கை என்பது இவ்வளவு ஸ்தூலமாக, அளவுகோல் வைத்து அளக்கிற மாதிரி, என் வாழ்க்கையில் வேறெங்கும் தென்பட்டதில்லை. மறுநாள் பிலிருபின் எண் கணிசமாக இறங்கியிருந்தது. அவன் விழிக்கவில்லை. ஒரு நாள் விட்டு இரண்டாவது தடவை.

இரண்டாவது தடவைக்கு மறுநாள் காலை அவன் விழித்தான். காகிதத்தை நீட்டினார்கள். நட்சத்திரம் வரைந்தான். ஐந்து முனைகளும் மூடியிருந்தன. கீழே முழுக் கையெழுத்து.

பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் நாலரை. ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். நான் கிளம்பும்போது பையில் அவன் தொகுப்பின் ப்ரூஃப் இருந்தது. எடுத்துக்கொண்டுதான் போனேன், தற்செயல் என்று சொல்லமாட்டேன். வாசலில் அவன் மனைவி சொன்னாள்: "நீங்க மொதல்ல போங்க அண்ணாச்சி. உங்கட்டதான் அவிய நல்லா பேசுவாவ." நான் போனேன்.

கண்களின் மஞ்சள் வெளிறியிருந்தது. குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். "என்ன வே, எத்தன நாளாச்சு?" என்று கேட்டான். குரல் அவனுடையதுதான். பதினொரு நாள் என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சா?" என்றான். சொல்லியாச்சு என்றேன். இதற்குப் பிறகு ஒரு மனிதன் என்ன பேசுவானோ அதை நான் பேசவில்லை. ப்ரூஃபை எடுத்தேன். ஒரு கவிதையின் கடைசி வரி பற்றி எங்களுக்குள் இரண்டு மாதமாகத் தகராறு. அந்த வரி வேண்டாம், அதற்கு முந்திய வரியோடு கவிதை முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி. அவன் விடமாட்டேன் என்று நின்றிருந்தான். கவிதையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மறுபடி வாசிக்கச் சொன்னான், வாசித்தேன். என் வாதத்தையும் மறுபடி எடுத்துச் சொன்னேன். அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவ சாப்பிட்டாளா?" என்றான்.

சாப்பிட்டாள் என்றேன். எனக்குத் தெரியாது.

"அப்பம் எடுத்துரும்" என்றான்.

பென்சிலால் அந்த வரியை அடித்தேன். நான் வெளியே வந்தபோது நாலு இருபத்திரண்டு. மீதி எட்டு நிமிஷம் அவளுடையது. அவள் உள்ளே போய் நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசினதாகத் தெரியவில்லை. அவள் குனிந்து மணிக்கட்டில் கட்டியிருந்த துணியைச் சற்றுத் தளர்த்திவிட்டாள். நர்ஸ் வந்து மறுபடி இறுக்கினாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவன் சொன்னது அந்தத் துணியைப் பற்றியோ என்று தோன்றியது.

மறுநாள் ராத்திரி அவன் மறுபடி மங்கத் தொடங்கினான். கழுவிய ரத்தத்தில் விஷம் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. அடுக்களையில் அடுப்பு எரியவில்லை. குழாய் செருகிய இடத்தில் ரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. மூன்றாவது தடவை போடலாமா என்ற கேள்வி வந்தது. அபாயம் அதிகம், ஆனால் நீங்கள் விரும்பினால் செய்யலாம் என்றார் டாக்டர். தம்பி என்னைப் பார்த்தான், படித்தவன் என்று. அவளும் பார்த்தாள். போதும் என்று நான்தான் சொன்னேன். அடகுக் கடையை நினைத்துச் சொன்னேனா, அவன் படும் பாட்டை நினைத்துச் சொன்னேனா, மூன்றாவது முறை அவன் விழித்தால் அந்த வரியைப் பற்றி என்னிடம் கேட்பான் என்று பயந்து சொன்னேனா என்பதை நான் பல முறை பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். நாலு நாளில் போய்விட்டான்.

மேலே சொன்ன விஞ்ஞான விஷயங்களையெல்லாம் நான் படித்தது அதற்குப் பிறகுதான். ஆர்வத்தால் அல்ல. விடுதலைத் தீர்ப்பைத் தேடும் குற்றவாளி சட்டப் புஸ்தகத்தைப் படிப்பதுபோலப் படித்தேன். தீர்ப்பு கிடைக்கவும் செய்தது. 2013இல் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகள் பல சேர்ந்து அதே யந்திரத்தை அவனைப் போன்ற 189 நோயாளிகளிடம் சோதித்த முடிவு வெளிவந்தது. இருபத்தெட்டாம் நாள் உயிரோடிருந்தவர்கள் யந்திரம் போட்டவர்களில் 60.7 சதவீதம், போடாதவர்களில் 58.9. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். பிலிருபின் இறங்கியது நிஜம். மயக்கம் தெளிந்தவர்கள் யந்திரத்தின் பக்கம் கூடுதலாகத் தெரிந்தார்கள், அதுவும் நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ப்ரொமீதியஸை 145 பேரிடம் சோதித்த முடிவு அதற்கு முந்திய வருஷமே வந்திருந்தது. மொத்தத்தில் அங்கும் அதே கதை. ஆக, மூன்றாவது தடவை போட்டிருந்தாலும் அவன் பிழைத்திருக்கமாட்டான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆதாரம் உண்டு. அந்த ஆதாரத்தை இரண்டு முறை படித்து எழுந்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. யந்திரத்தால் தரக்கூடியது அநேகமாக விழிப்பு ஒன்றுதான். அதை அவனுக்குத் தந்துவிட்டது. அதில் இருபத்திரண்டு நிமிஷத்தை எடுத்துக்கொண்டது நான்.

பிறகு வந்தவற்றையும் விடாமல் படித்துவருகிறேன். யந்திரத்துக்குள் உயிருள்ள ஈரல் செல்களையே வைத்துவிட்டால்? கழுவுவது மட்டுமல்லாமல் செய்யவும் செய்யுமே? பன்றியின் ஈரல் செல்களை வைத்துப் பார்த்தார்கள். இன்னொன்றில் வைத்த மனித செல்களின் பூர்வீகம் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் புற்றுக்கட்டி. 1970களில் எடுத்து வளர்த்த அந்தச் செல்கள் பையனைத் தாண்டி இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. குடிகாரர்களின் ஈரல் அழற்சிக்கு அந்த யந்திரத்தைக் கொண்டு நடத்திய கடைசிப் பெரிய சோதனை 2018இல் தோற்றது. இதற்கிடையே 2016இல், கோபன்ஹேகன், ஹெல்ஸிங்கி, லண்டன் டாக்டர்கள் 182 பேரிடம் செய்து பார்த்த வேறொரு காரியம்தான் முதன்முறையாகப் பலன் காட்டியது. நோயாளியின் பிளாஸ்மாவைத் தினம் எட்டு முதல் பன்னிரண்டு லிட்டர் வரை வெளியேற்றிவிட்டு, தானம் பெற்ற பிளாஸ்மாவை உள்ளே விடுவது, மூன்று நாள். பிழைத்து வீடு திரும்பியவர்கள் 58.7 சதவீதம், மற்றவர்களில் 47.8. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கொந்தளிப்பதை அது தணிக்கிறது என்பது டாக்டர்கள் தரும் முக்கியமான விளக்கம். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அங்கே சல்லடை நுணுக்கமானதல்ல. கெட்டதைத் தேடிப் பிரிக்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு உள்ளே போவது ஊராரின் ஈரல்கள் செய்துவைத்த சகலமும். இதுவும் திடீரென்று ஈரல் பழுதானவர்களுக்குத்தான். தழும்பேறிய பழைய ஈரலுக்கு நான் இதைச் சொல்லி ஆறுதல் தேட முடியாது.

எங்கள் தலைமுறைக்குச் சுத்தம் பெரிய விஷயம். கவிதையிலிருந்து அலங்காரத்தை எடு, உபதேசத்தை எடு, உருக்கத்தை எடு, கடைசி வரியை எடு. நான் அதைச் செய்வதில் பேர் வாங்கினவன். என் கை படாத கவிதை எங்கள் பத்திரிகையில் வந்ததில்லை. அவன் ஒரு முறை, போதையில்லாமல், என்னிடம் சொன்னான்: "நீரு நல்லா வெளுக்கேரு வே. துணி நெய்யது யாரு?" நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டேன். கேலிதான் அது. இருந்தாலும் அந்த மஞ்சள் உருளையை நினைக்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது.

தொகுப்பு 2013இல் வெளிவந்தது. அந்தக் கவிதை ஒரு வரி குறைவாக இருக்கிறது. மதிப்புரை எழுதிய இருவர் அதன் முடிவைக் குறிப்பாகப் பாராட்டினார்கள். அவன் மனைவிக்கு இரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ரேஷன் கார்டு, எல்.ஐ.ஸி. பத்திரம் எல்லாம் இருந்த பெட்டியில் வைத்தாள். அதில் அந்தக் காகிதங்களும் இருந்தன. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். நட்சத்திரங்கள். தேதி வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தாள். ஐந்து முனையும் மூடிய ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் காட்டி, "இது அன்னைக்கு அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டிருந்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இப்போது இரண்டாம் பதிப்புப் போடுகிறார்களாம். திருத்தங்கள் இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பும்படி பதிப்பாளர் எழுதியிருக்கிறார். பென்சிலால் அடித்த அந்த ப்ரூஃப் தாள் என் மேஜையில் இருக்கிறது. அடியில் அந்த வரி நன்றாகப் படிக்கத் தெரிகிறது. இன்றைக்குத் தேதி இருபத்தாறு.